டவாலி சொரிமுத்துவின் தொண்டை வழக்கு

ஜூன் 3, செவ்வாய்

இன்று காலை எட்டே காலுக்கு, முகம் கழுவிய ஈரம் காய்வதற்குள், நான் நோயாளியாகப் பதவியேற்றுக்கொண்டேன்.

நோய் எதுவும் கிடையாது. நோயாளி வேலை மட்டும்தான். அதை விளக்குமுன் என் பராக்கிரமத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது முறை. அம்பாசமுத்திரத்தில் முப்பத்தோரு வருஷம் கோர்ட்டு டவாலியாக இருந்தவன் இந்தச் சொரிமுத்து. வராந்தாவில் நின்று வழக்குக்காரர் பெயரை மூன்று தரம் கூப்பிடுவது என் உத்தியோகம். மூன்று தரத்துக்கும் ஆள் வராவிட்டால் அவர் இல்லாமலேயே வழக்கு முடிந்துவிடும். ஆனால் என் காலத்தில் வராதவர் கிடையாது. நான் கூப்பிட்டால் பாபநாசம் அணையில் தண்ணீர் ஓரடி ஒதுங்கி நிற்கும். ஒரு தடவை "மாடசாமி" என்று கூப்பிட்டதில், வழக்குக்கே சம்பந்தமில்லாத பதினோரு மாடசாமிகள் கல்லிடைக்குறிச்சியிலிருந்து பஸ் பிடித்து வந்து கைகட்டி நின்றார்கள். நீதிபதி தவறிப்போய் எனக்கு வணக்கம் சொன்னார்.

ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. அன்று ஆபீஸில் கொடுத்த டைரிதான் இது. கிழமைகள் பொருந்தவில்லை. அடித்துத் திருத்தி எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கை முப்பிடாதியின் மகள் செண்பகவல்லி நர்ஸ். திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். அயர்லாந்தில் அவளுக்கு வேலை கிடைக்கும், ஆங்கிலப் பரீட்சை ஒன்றில் தேறினால். ஜூலை 12 மதுரையில் பரீட்சை. இங்கிலீஷ் அவளுக்கு நன்றாகவே வரும். ஒன்றே ஒன்றுதான் வரவில்லை.

"ஆன்லைன்ல சொல்லிக்குடுக்குத மேடம் கேக்காவ மாமா. நீ சொல்லுத நோயாளி ஒண்ணு பேசுதாரு, இல்லேன்னா அழுதாரு. நடுவுல ஒண்ணுமே கெடையாதான்னு."

நடுவில் அறுபத்து நாலு இருக்கிறதாம். வெள்ளைக்காரன் தொண்டையிலிருந்து வருகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் தனித்தனியாகப் பேர் வைத்து, நம்பர் போட்டு வைத்திருக்கிறான். முனகினால் ஒரு பேர், முனகலை இழுத்தால் வேறு பேர். செண்பகம் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டாள். சத்தத்தைக் கேட்டால் எது எதுவென்று தெரியவில்லை.

ஆகவே நான் கட்டிலில் படுத்துச் சத்தம் கொடுப்பேன். அவள் பேர் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றையும் நம்பரோடு போனில் பதிந்துகொள்கிறாள், பஸ்ஸில் கேட்க.

முதல் நாள் 'யெல்'. அதாவது உரக்கக் கத்துவது. கத்தினேன். பால்காரர் கேனைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

ஜூன் 5, வியாழன்

இன்று மோன், க்ரோன். பன்னிரண்டும் பதிமூன்றும்.

க்ரோன் என்பது மூட்டை தூக்குகிறவன் சத்தம். அடிவயிற்றிலிருந்து ஒரே அமுக்கு. மோன் என்பது இழுவை, மூன்று நாள் காய்ச்சல்காரன் படுத்தபடியே சுவருக்குச் சொல்கிற வருத்தம். இரண்டையும் நான் செய்துகாட்டிய நேர்த்திக்கு அயர்லாந்து அரசாங்கம் எனக்கே விசா கொடுத்திருக்க வேண்டும்.

முப்பிடாதி சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, காலங்காத்தால வீட்டுல எழவு விழுந்த மாதிரி என்ன சத்தம் இது?"

"கலைட்டி. கலை."

"ஒங்க கலையில தீயை வைக்க. நாப்பது கட்டு சுத்தணும். கை நடுங்குது."

முணுமுணுத்துக்கொண்டே இலையை வெட்டினாள். செண்பகம் விரலை உயர்த்தி, "கிரம்பிள்! இருபத்தெட்டு!" என்றாள். குறை சொல்லி முணுமுணுப்பதற்குக் கிரம்பிள் என்று பேராம். இதற்குத் தனியாக நடிகர் தேவையில்லை. காலை ஐந்தரை முதல் படுக்கும்வரை எங்கள் வீட்டில் இலவசமாகக் கிடைக்கும்.

ஜூன் 9, திங்கள்

தொண்டையில் லேசான கரகரப்பு. முப்பிடாதி நேற்று வறுத்த மிளகாய்தான் காரணம். குற்றவாளி பிடிபட்டதால் விசாரணை முடிந்தது.

ஜூன் 14, சனி

சாரல் ஆரம்பித்துவிட்டது. துணி காயவில்லை. என் வேட்டி மூன்று நாளாகக் கொடியில் தொங்கித் தவம் செய்கிறது.

இன்று ஒரு பெரிய வெற்றி. பட்டியல் முழுவதையும் செண்பகத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். கிசுகிசுப்புக்கு வார்த்தை இருக்கிறது. திக்கலுக்கு, குழறலுக்கு, விசும்பலுக்கு, கேவலுக்கு இருக்கிறது. குலவைக்கு இல்லை!

"நாக்கைச் சுழட்டிப் பொம்பளைய போடுத குலவைக்கு ஒரு பேரு இல்லாதவன் என்ன மருமவளே உலகத்தை ஆண்டான்?"

"அங்க யாரும் குலவை போட மாட்டாவ மாமா."

"அப்போ சந்தோசம் வந்தா என்ன செய்வான்?"

"தெரியல. போய்ப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

போய்ப் பார்த்துவிட்டு. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நானும் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டேன். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. அயர்லாந்து எவ்வளவு தூரம் என்று விசாரித்தேன். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்குமாம். என் குரலுக்கு அது பக்கத்துத் தெரு. இங்கே கொல்லையில் நின்று ஒரு தரம் கூப்பிட்டால் அங்கே ஊசி போட்டுக்கொண்டிருப்பவள் திரும்பிப் பார்த்தே ஆகவேண்டும்.

கூப்பிட்டால் வருகிறவளா என்பது வேறு விஷயம். அவளுக்கு நாலு வயதாகும்போது மைத்துனர் காலமானார். அன்று முதல் சாப்பாட்டுக்கு நான்தான் கூப்பிடுகிறேன், கோர்ட்டு முறைப்படி, முழுப் பெயரையும் சொல்லி, மூன்று தரம். ஒருநாளாவது முதல் தரத்துக்கு எழுந்து வந்தவளில்லை. இரண்டாவதுக்கும் வரமாட்டாள். மூன்றாவது முடிந்த பிறகுதான் ஆடி அசைந்து வருவாள். சோம்பேறி.

எனக்குச் சொந்தமாகப் பெண்டு பிள்ளை கிடையாது. மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்தேன், யாரும் வரவில்லை.

ஜூன் 19, வியாழன்

இன்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். இங்கே மட்டும்.

காலையில் இட்லி வைத்துவிட்டு வழக்கம்போல் கூப்பிட்டேன். முதல் தரம் பழைய வேட்டி கிழிகிற சத்தம் வந்தது. இரண்டாம் தரம் வெறும் காற்று. மூன்றாம் தரத்துக்கு வாயைத் திறந்தேன். ஒன்றுமே வரவில்லை.

செண்பகம் தலையில் துண்டோடு ஓடிவந்தாள். ஓடிவந்து கை தட்டினாள்.

"ஹோர்ஸ்! முப்பத்தேழு! மாமா, சூப்பர் மாமா! இவ்வளவு நாள்ல இதான் பெஸ்ட்டு! எம்மா, கேட்டியா?"

"தொண்டை கட்டினவரு மாதிரியே இருக்கு. சினிமாவுல சேந்திருக்கலாம்" என்றாள் முப்பிடாதி. வாழ்நாளில் அவள் என்னைப் புகழ்ந்தது இதுவே முதல் தடவை.

என்ன செய்வது? தலைகுனிந்து பாராட்டை ஏற்றுக்கொண்டேன். செண்பகம் போனை நீட்டி இன்னொரு தரம் பதிந்துகொண்டாள். இந்த வெற்றியில் என் உழைப்பு துளியும் இல்லை என்பதை இதன்மூலம் பதிவு செய்கிறேன்.

பிறகு தண்ணீர் குடித்துப் பார்த்தேன். வெந்நீர் குடித்துப் பார்த்தேன். சரியாகவில்லை. பேசினால் கண்டுபிடித்துவிடுவாளே என்று ஒரு அறிவிப்புச் செய்தேன். இன்று முதல் நான் முழுநேர ஹோர்ஸ், அதாவது தொண்டை கட்டிய நோயாளி, பெரிய நடிகர்களைப் போல வேஷத்தைக் கலைக்காமல் இருபத்து நாலு மணி நேரமும் அதிலேயே இருக்கப் போகிறேன். இருவரும் நம்பிவிட்டார்கள். அறுபத்தாறு வருஷம் புளுகிப் புளுகி நான் கட்டிய கோட்டை இன்று எனக்குப் பயன்பட்டது.

பரீட்சைக்கு இருபத்து மூன்று நாள். மிளகாய் விஷயத்தை எல்லாம் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 21, சனி

சுக்கு, மிளகு, கருப்பட்டி. மூன்று பேரும் ஆஜர். பலன் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

குரல் தேவைப்படாத சத்தங்களாகப் பார்த்துக் கொடுக்கிறேன். பெருமூச்சு, மூச்சுத் திணறல், இளைப்பு, மூக்கை உறிஞ்சுதல்.

"என்ன மாமா, நேத்தும் மூச்சு, இன்னைக்கும் மூச்சா?"

பெருமூச்சில் மட்டும் பதினேழு ரகம் உண்டு, மாமியார் ரகம் தனி என்று காற்றுக் குரலில் விளக்கினேன். சிரித்தாள். சிரித்துவிட்டு என் கழுத்தை ஒரு கணம் பார்த்தாள். நான் எழுந்து போய் வேட்டி காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தேன். காயவில்லை.

ஜூன் 27, வெள்ளி

ஐந்தரை பஸ்ஸில் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்து என் முன்னால் நின்றாள்.

"மாமா, இன்னைக்குப் பஸ்ல முதல்லேருந்து வரிசையா கேட்டேன்."

"எப்படி? பக்கத்து சீட்டுக்காரன் அழுதானா?"

"நான்தான் அழுதேன்."

போனை என் மடியில் வைத்து அழுத்தினாள். ஜூன் மூன்றாம் தேதி 'யெல்'. வீடு அதிர்ந்தது. ஐந்தாம் தேதி க்ரோன். பத்தாம் தேதி ஒன்று. பதினாலு, பதினேழு. தனித்தனியாகக் கேட்டபோது ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோயாளி. சேர்த்துக் கேட்டால் ஒரே ஆள்தான். அந்த ஆளின் குரல் நாளுக்கு நாள் ஒரு இழை ஒரு இழையாகப் பிரிந்துகொண்டே போனது. பத்தொன்பதாம் தேதி வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"இது நடிப்பு இல்ல மாமா. பத்தாம் தேதியிலேயே இருக்கு. சிரிப்புலயும் இருக்கு, இருமல்லயும் இருக்கு. எல்லாத்துக்கும் அடியில அது கெடக்கு."

"கலைஞன்னா அப்படித்தான் மருமவளே. மெல்ல மெல்ல வேஷத்துக்குள்ள..."

"சரி. வேஷத்தைக் கலைங்க. என் பேரைக் கூப்பிடுங்க. மூணு தரம்."

கூடத்தில் பீடி இலை வெட்டுகிற கத்தரி நின்றது.

நான் எழுந்தேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். முப்பத்தோரு வருஷம், நாளுக்கு நாற்பது பெயர். செண்பகவல்லி என்பது கூப்பிடுவதற்கென்றே வைத்த பெயர், வைத்ததே நான்தான். வாயைத் திறந்தேன்.

முப்பிடாதி சொன்னாள், "கூப்பிடுங்கண்ணே."

உட்கார்ந்துவிட்டேன்.

செண்பகம் திட்டவில்லை. செருப்பைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டு வந்து, என் காலடியில் உட்கார்ந்து, "நான் கை தட்டினேனே மாமா" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஜூன் 28, சனி

பரீட்சையில் கடிதம் எழுதுகிற பகுதி ஒன்று உண்டு. ஒரு நோயாளியைப் பற்றி நர்ஸ் டாக்டருக்கு எழுதும் கடிதம். இதுவரை ஸ்மித், பிரவுன் என்று முன்பின் தெரியாதவர்களுக்கு எழுதிப் பழகியவள், இன்று எனக்கு எழுதினாள். வாசித்து எனக்கு அர்த்தமும் சொன்னாள். 'அறுபத்தாறு வயதான, ஓய்வுபெற்ற நீதிமன்ற அலுவலர்.' டவாலியை அலுவலராக்கிவிட்டாள்! அதற்கு மேல் எது எழுதியிருந்தாலும் ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

'மூன்று வாரமாகக் கரகரப்பு. புகைபிடிக்கும் பழக்கம் இல்லை. வீட்டில் பல வருஷமாகப் புகையிலைத் தூள்.'

அந்த வரியை அவள் மெதுவாகத்தான் வாசித்தாள். சாயங்காலம் பார்த்தால் முப்பிடாதியின் சுளகும் இலையும் தூளும் கூடத்தில் இல்லை. கொல்லையில் தகரக் கூரைக்கடியில், சாரல் தெறிக்கிற இடத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே வாட்டி என்று சைகை காட்டினேன். பார்க்காதவள் மாதிரி இருந்தாள்.

ஜூன் 30, திங்கள்

திருநெல்வேலி. செண்பகத்தின் கடிதத்தை டாக்டரம்மா இரண்டு தரம் படித்துவிட்டு, "இதை எழுதினது யாரு? எங்க ஆளுங்களே இப்படி எழுத மாட்டாங்க" என்றார். என் தொண்டை என்பதையே மறந்து பெருமைப்பட்டேன்.

மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டு உள்ளே படம் பிடித்தார்கள். டிவியில் தெரிந்தது. என் குரல் குடியிருக்கும் அரண்மனை ரெட்டைக் கதவு வைத்த ஒரு சிறிய வாசல். இடது கதவில் ஒரு கட்டி.

தேங்காய் அளவு என்று எழுதலாம். பாசிப்பயறு அளவுதான் இருந்தது.

புதன்கிழமை எடுத்துவிடுவார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்புவார்கள். பதினாலு நாள் ஒரு சத்தமும் கூடாது. "கிசுகிசுன்னு பேசலாம்லா?" என்று கேட்டேன். "அது கத்துறதைவிட மோசம் ஐயா" என்றார் டாக்டரம்மா. செண்பகம் பக்கத்திலிருந்து, "விஸ்பர் கூடாது, ஹம் கூடாது, மம்பிள் கூடாது" என்று பட்டியலையே ஒப்பித்தாள். அறுபத்து நாலுக்கும் தடை உத்தரவு.

ஜூலை 3, வியாழன்

நேற்று ஆயிற்று. மயக்கம் தெளியும்போது யாரோ கோர்ட்டு முறைப்படி என் பெயரைக் கூப்பிட்டார்கள். சொரிமுத்து, சொரிமுத்து, சொரிமுத்து. மரியாதை இல்லாமல் மொட்டையாக. கண்ணைத் திறந்தால் செண்பகம். மூன்றாம் தரத்துக்குத்தான் திறந்தேனாம்.

ஜூலை 5, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். எனக்கு ஒரு சிலேட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. டம்ளரில் ஒரு தட்டு தட்டினால் 'ஆமாம்'. இரண்டு தட்டினால் 'இல்லை'.

நான் பேசாததால் ஏற்பட்ட பள்ளத்தை முப்பிடாதி தன்னந்தனியாக நிரப்புகிறாள். நாற்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் இப்போது வருகின்றன. நான் டங் டங் என்று மறுக்கிறேன். மதிக்கிறவர் இல்லை.

மத்தியானம் செண்பகம் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, பரீட்சையை அடுத்த மாசத்துக்கு மாத்திருதேன்."

டங் டங்.

"லேப் ரிசல்ட்டு பன்னெண்டாம் தேதி வருதாம். அன்னைக்கு நான் மதுரையில ஒக்காந்து யாரோ வெள்ளைக்காரிக்கு லெட்டர் எழுதிக்கிட்டு இருக்கவா?"

டங் டங் போதவில்லை. சிலேட்டை எடுத்து எழுதினேன்: 'வாய்தா மறுக்கப்படுகிறது.'

"நீங்க டவாலிதான மாமா. ஜட்ஜு இல்லலா."

'ஜட்ஜ் இன்று லீவு.'

சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது அது இல்லை. மூக்கிலிருந்து ஆரம்பித்து, சின்னச் சின்னதாய் உடைந்து, அடக்க அடக்க வெளியே வருகிற சத்தம். எனக்குத் தெரியும், விம்பர், நாற்பத்தொன்று. நான் கட்டிலில் படுத்து எத்தனை தரம் செய்துகாட்டினேன், ஒரு தரம்கூட இப்படி அமையவில்லை.

வாயால் ஏதாவது சொல்ல வேண்டிய நேரம் அது. அழாதட்டி என்று ஒரு வார்த்தை. எழுதிக் காட்டினால் ஆர்டர் காப்பி மாதிரி இருக்கும். சிலேட்டைத் துடைத்துவிட்டு அவள் கையில் கொடுத்தேன். அவள் அதில் எழுதினாள்: 'போறேன். ஆனா ஒரு சத்தம் போடக் கூடாது.'

டங்.

'பொய் சொல்லவும் கூடாது. நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னு சொல்லணும்.'

இதற்கு உடனே தட்டவில்லை. அவள் கரண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

டங்.

ஜூலை 8, செவ்வாய்

முப்பிடாதி இன்னும் கொல்லையில்தான் சுற்றுகிறாள். அவள் சுளகை எடுத்து வந்து கூடத்தில் வைத்தேன். எடுத்துப் போனாள். மறுபடி எடுத்து வந்தேன். "ஒங்களுக்குக் கிறுக்காண்ணே?" என்றாள். சிலேட்டில் 'தனியா இருக்கப் போரடிக்கு' என்று எழுதினேன். கடைசியில் பின்வாசல் கதவை அகலத் திறந்துவைத்து நான் நாற்காலியை அங்கே போட்டுக்கொண்டேன். காற்று என் பக்கமிருந்து அவள் பக்கம் அடிக்கும்படி அவளே நாற்காலியைத் திருப்பிப் போட்டாள்.

ஜூலை 12, சனி

செண்பகம் நேற்றே மதுரை போய்விட்டாள். நானும் முப்பிடாதியும் இன்று திருநெல்வேலி.

டாக்டரம்மா காகிதத்தைப் பிரித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் காது மூக்கு தொண்டைப் படம் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லை ஐயா. சாதாரணக் கட்டிதான். கத்திக் கத்தி வந்தது" என்றார். முப்பிடாதி எழுந்து நின்று அவரைக் கும்பிட்டாள். பிறகு சுவரில் இருந்த படத்தையும் கும்பிட்டாள்.

வெளியே வந்ததும் அல்வா வாங்க வேண்டுமென்று ரோட்டைக் கடந்து போனாள். அவள் போன் என் கையில். ஒன்றரை மணிக்கு அடித்தது.

"மாமா? நீங்கதானா? பரீட்சை முடிஞ்சிட்டு. அத விடுங்க. ரிசல்ட்டு வந்துட்டா? நல்லதுன்னா ஒண்ணு, இல்லேன்னா ரெண்டு. தட்டுங்க."

டம்ளர் கொண்டுவரவில்லை. தூக்குவாளி இருந்தது. மூடியில் ஒரு தட்டு தட்டினேன்.

தட்டிவிட்டேன், ஒப்பந்தம் முடிந்தது. ஆனால் எனக்குத் திருப்தி இல்லை. இவ்வளவு பெரிய சமாச்சாரத்துக்கு ஒரே ஒரு தட்டா? பதினோரு மாடசாமிகளை வரவழைத்தவன் ஒன்றோடு நிறுத்துவதா? கை தானாகப் போயிற்று. டங் டங் டங் என்று திருவிழா மேளம் மாதிரி தட்டித் தள்ளினேன். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் விலகி நின்றார்கள்.

"ரெண்டா? மாமா, ரெண்டா தட்டுனிய? மாமா!"

கை நின்றது. நான் செய்த காரியம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. இல்லை, இல்லை, ஒன்றுதான் என்று தொண்டை வரை வந்துவிட்டது. ஒரு வார்த்தை கத்தினால் தீர்ந்துபோகும். பத்து நாள் காத்த சத்தியம். உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டாக எதையும் எண்ண முடியாத அளவுக்கு இடைவெளி விட்டேன். பிறகு ஒரே ஒரு தட்டு. தட்டிவிட்டு, கை மறுபடி சேட்டை செய்யாமலிருக்க, தூக்குவாளியைத் தரையில் வைத்து அதிலிருந்து நான்கடி தள்ளிப் போய் நின்றேன்.

"ஒண்ணு?"

தூக்குவாளி பேசாமல் இருந்தது.

"ஒண்ணுதான? ஒண்ணோட நிறுத்தத் தெரியாதா மாமா ஒங்களுக்கு?" என்று ஆரம்பித்தவள், அப்புறம் செய்தது சிரிப்பா அழுகையா என்று எனக்கே பிடிபடவில்லை. பட்டியலில் தேட வேண்டும்.

முப்பிடாதி அல்வாவோடு வந்து போனை வாங்கிக்கொண்டாள். பேச்சுப் பரீட்சையில் நோயாளியாக வந்த அம்மாள் தனக்கு ஒன்றுமே இல்லை என்று சாதித்தாளாம். செண்பகம் அவள் சொன்னதைக் கேட்காமல் குரலைக் கேட்டாளாம். "எத்தனை நாளா ஒங்க குரல் இப்படி இருக்குன்னு கேட்டேம்மா. அந்தம்மா அசந்துட்டா."

ஜூலை 16, புதன்

சிறைவாசம் முடிந்தது. விடுதலை அல்ல, பரோல். ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம், தாழ்ந்த குரலில். கத்துவது ஆயுசுக்கும் கூடாது. முதலில் வாயை மூடிக்கொண்டு ஹம் செய்யச் சொன்னார்கள். ஐம்பதாம் நம்பர். செய்தேன். தூரத்தில் வண்டு போகிற மாதிரி ஒரு சத்தம். செண்பகம் இந்த முறை கை தட்டவில்லை. காதை என் கழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கேட்டாள்.

ஜூலை 29, செவ்வாய்

காலை பத்தே முக்காலுக்கு ரிசல்ட். தேறிவிட்டாள். கேட்கிற பகுதியில்தான் அதிக மார்க்.

முப்பிடாதி சுளகைக் கீழே போட்டுவிட்டுக் குலவை போட்டாள். பட்டியலில் பேர் இல்லாத அந்தச் சத்தம் தெருமுனை வரைக்கும் போயிற்று. பால்காரர் மறுபடி ஓடிவந்தார். அவருக்கு இந்த வீட்டில் நல்லது கெட்டது தெரிவதே இல்லை. அக்டோபரில் கிளம்ப வேண்டுமாம். நான் அல்வா தின்றேன். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் கிடையாது என்று ஜூன் 14-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். அந்தச் சாட்சியம் செல்லாது. அடித்துவிட்டேன்.

ஒரு மணிக்குச் சோறு தயார். செண்பகம் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். என் கணக்கில் இன்னும் மூன்று நிமிஷம் பேச்சு பாக்கி. அடுக்களை வாசலில் நின்றேன்.

கோர்ட்டில் மூன்றாவது கூப்பாடுதான் எப்போதும் பெரிதாக இருக்கும். இனி அதற்கு வழியில்லை. மூன்றையும் ஒரே மட்டத்தில், பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வது போலச் சொன்னேன்.

"செண்பகவல்லி."

கொடியில் என் வேட்டி ஆடியது. அதற்குப் பின்னால் அவள் கால் தெரிந்தது. அசையவில்லை.

"செண்பகவல்லி."

இது எட்டாது என்று தெரிந்தது. கொல்லைக்கே எட்டாத குரல் அயர்லாந்துக்கு எங்கே எட்டப் போகிறது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது.

"செண்பகவல்லி."

வேட்டியை ஒதுக்கிக்கொண்டு வந்தாள். ஆடி அசைந்து.

"கேக்கலயோன்னு நெனச்சேன்."

"முதல் தரமே கேட்டுட்டு மாமா."

"பெறவு?"

"சின்னப் புள்ளையிலேருந்தே முதல் தரமே கேக்கும். வந்துட்டா நிறுத்திருவிய. மூணும் கேக்கணும்லா."

அவள் ஈரக் கையில் போன் இருந்தது. பதிவாவதைக் காட்டும் சிவப்புப் புள்ளி இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. அமுக்கி நிறுத்தினாள்.

"என்ன பேரு போட்ட?" என்றேன்.

"பேரு இல்ல. நம்பர்தான். அறுபத்தஞ்சு."

உள்ளே முப்பிடாதி, சோறு ஆறுது, கொழம்பு ஆறுது, இந்த வீட்டுல ஆக்கிப்போடுதவளுக்கு ஒரு மதிப்பு உண்டுமா என்று முணுமுணுக்க ஆரம்பித்திருந்தாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"இருபத்தெட்டு" என்றோம்.